ரிப்போர்ட் கையில வந்துருச்சு, பிள்ளை இன்னும் பேசல, எங்கேந்து ஆரம்பிக்கிறது?

ஜெனடிக் (மரபணு டெஸ்ட்) ரிப்போர்ட் வாங்கிட்டு தஞ்சாவூர் பஸ்ஸ்டாண்டுல பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். கையில மூணு பக்கம் பேப்பர் இருக்கும், பாதி எழுத்து பாதி நம்பர், கடைசில ஒரு சிண்ட்ரோம் பேரு. டாக்டர் பத்து நிமிஷம் பேசிருப்பாரு, அதுல உங்க காதுல விழுந்தது "பேச்சு வர்றது கஷ்டம்"ங்கிறது மட்டும்தான். 8 வருஷம் முன்னாடி நானும் என் வீட்டுக்காரம்மாவும் அப்படித்தான் நின்னோம். எங்க பாப்பாவுக்கு ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம், இப்ப 11 வயசு. நான் டாக்டரும் இல்ல தெரபிஸ்ட்டும் இல்ல, நீடாமங்கலம் பக்கத்துல ஜெராக்ஸ் லேமினேஷன் கடை வச்சிருக்கேன், அந்தத் தொழில் இதுக்கு எவ்ளோ உதவுச்சுன்னு கீழ வரும்.

நாங்க 3 வருஷம் வீணாக்குனது எதுலன்னு முதல்லயே சொல்லிடுறேன். முதல்ல பேச்சு வரட்டும், அப்பறம் மத்தத பாத்துக்கலாம்னு காத்துக்கிட்டு இருந்தோம். வாய்ப்பேச்சு வேற, பிள்ளை மனசுல உள்ளத நமக்கு தெரியப்படுத்துறது வேற. வாய்ப்பேச்சு வரலாம், வராமயும் போகலாம், அது நம்ம கையில இல்ல. இன்னொண்ண இன்னைக்கு சாயங்காலமே ஆரம்பிச்சிடலாம்.

முதல் வேலை: அந்த சிண்ட்ரோம் பேச்ச என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்கங்க

"ஜீன் பிரச்சனை"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாலும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி, அதனால பக்கத்து வீட்டு பிள்ளைக்கு செஞ்சத அப்படியே நம்ம பிள்ளைக்கு செஞ்சா சரிவராது. ஏஞ்சல்மேன் பத்தி 1965-ல ஹாரி ஏஞ்சல்மேன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் முதல்ல எழுதுனாரு. 15-வது குரோமோசோம்ல யூபிஈ3ஏன்னு ஒரு ஜீன், மூளையில அது அம்மாகிட்டேந்து வந்த காப்பி மட்டும்தான் வேலை செய்யும், அந்த காப்பி இல்லாம போனா இது வருது. இந்த பிள்ளைங்களுக்கு வாய்ல வர்ற வார்த்தை ரொம்ப குறைவு, பல பேருக்கு ஒண்ணுமே வராது, ஆனா நாம பேசறத புரிஞ்சுக்கிறது அதைவிட நிறைய இருக்கும். எங்க பாப்பா இன்னைக்கு வரைக்கும் தெளிவா சொன்னது "ம்மா"ங்கிறது ஒண்ணுதான், அதுவும் ஆட்டுக்குட்டிய பாத்து சொன்னுச்சா அம்மாவ பாத்து சொன்னுச்சான்னு வீட்ல இன்னும் தகராறு ஓடுது.

ரெட் சிண்ட்ரோம் பெரும்பாலும் பொண்ணுங்களுக்கு வர்றது. எக்ஸ் குரோமோசோம்ல உள்ள எம்ஈசிபி2 ஜீன்தான் காரணம்னு 1999-ல கண்டுபிடிச்சாங்க. நல்லா வளந்துகிட்டு இருந்த பிள்ளை ஒரு வயசு ஒன்றரை வயசு வாக்குல இருந்த ரெண்டு வார்த்தையையும் விட்டுரும், கையால எடுக்கிறதும் நின்னு போய் கைய பிசைஞ்சுகிட்டே இருக்கும். ஆனா கண்ணு பேசும். அந்த பிள்ளைங்ககிட்ட கண்ணால கேட்டு கண்ணால பதில் வாங்கணும். ஃப்ரஜைல் எக்ஸ் ஆம்பள பிள்ளைங்கள கூடுதலா பாதிக்கும், இங்க பேச்சு பெரும்பாலும் வரும், ஆனா வேகமா, சொன்னதையே திருப்பி திருப்பி, மூஞ்சிய பாக்காம. மூஞ்சிய பாத்து பேசுன்னு தாடைய புடிச்சு திருப்பாதீங்க, பதட்டம் ஏறி இருக்க பேச்சும் அடைச்சுக்கும், பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்துகிட்டு பேசுனா சரளமா வரும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்களுக்கு புரியறது முன்ன ஓடும், வாய்ப்பேச்சு பின்ன வரும், அந்த இடைவெளிய கை சைகை நல்லா நிரப்பும். 22-வது குரோமோசோம்ல சின்ன துண்டு இல்லாம போற ஒரு வகை இருக்கு, அதுல அண்ணத்துல கோளாறு இருக்கலாம், பேச்சு மூக்கால வரும், அதுக்கு வாய் பயிற்சி மட்டும் குடுத்துகிட்டு இருந்தா வருஷம்தான் போகும், அண்ணத்த பாக்குற சர்ஜன் பாக்கணும். வில்லியம்ஸ் இதுக்கெல்லாம் நேர் எதிர், வாய் ஓயாது, ஊர்ல உள்ளவங்கள எல்லாம் நிறுத்தி குசலம் விசாரிக்கும், ஆனா பேசற அளவுக்கு புரியுதுன்னு நினைச்சு ஏமாந்துறக் கூடாது.

இன்னும் பேரே தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம். "குரோமோசோம் டெஸ்ட் நார்மல்"னு ஒரு பேப்பர் வந்துட்டா எல்லா ஜீனும் பாத்தாச்சுன்னு அர்த்தம் இல்ல. அந்த டெஸ்ட்டுக்கு காரியோடைப்பிங்னு பேரு, அதுல பெரிய மாற்றம் மட்டும் தெரியும். சின்ன துண்டு விட்டுப்போனா மைக்ரோஅரேங்கிற டெஸ்ட்ல தெரியும், ஃப்ரஜைல் எக்ஸ் அதுலயும் தெரியாது, அதுக்கு தனி டெஸ்ட், ஏஞ்சல்மேனுக்கு மெத்திலேஷன்னு தனி டெஸ்ட். எதுக்காக எந்த டெஸ்ட் எழுதுறீங்கன்னு டாக்டர கேளுங்க. கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க, ஆயிரக்கணக்குல காசு கட்டுறது நாமதான்.

இங்க கொஞ்சம் நின்னு வீட்டு அரசியல் பேசியாகணும். "அம்மாகிட்டேந்து வந்த காப்பி"ன்னு ஒரு வரி ரிப்போர்ட்டுல இருந்ததுக்கு எங்க வீட்ல ஆறு மாசம் சண்டை. எங்க அத்தை வந்து நின்னுகிட்டு "பொண்ணு எடுத்த எடம் சரியில்ல"ன்னாங்க, என் வீட்டுக்காரம்மா பக்கத்து ஆளுங்க இதுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஏஞ்சல்மேன்ல முக்கால்வாசிக்கு கொஞ்சம் கம்மியான பேருக்கு அந்த துண்டு கருவுல தானா விட்டுப்போறது, யாரும் எதுவும் பண்ணதால இல்ல, கிரகணத்துல வெளிய வந்ததால இல்ல. அதே மாதிரி "சொந்தத்துல கட்டுனதாலதான்"ங்கிறதும் எல்லாத்துக்கும் பொருந்தாது. ரெண்டு பேர்கிட்டேந்தும் ஒரே பழுதான ஜீன் வந்து சேர்ற நோய் வகைகளுக்கு சொந்தக் கல்யாணம் ஒரு காரணம், உண்மைதான், ஆனா டவுன், ரெட், ஏஞ்சல்மேன், ஃப்ரஜைல் எக்ஸ் இதெல்லாம் அந்த வகை இல்ல. அடுத்த பிள்ளைக்கு வருமாங்கிறது எந்த வகை மாற்றம்ங்கிறத பொறுத்தது, ஏஞ்சல்மேன்லயே ஒரு வகைக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மி, அம்மாகிட்டேந்து வந்த யூபிஈ3ஏ மாற்றமா இருந்தா பாதிக்கு பாதி. அதனால இத சித்தப்பாகிட்ட கேக்காம ஜெனடிக் கவுன்சிலிங்ல கேளுங்க.

ரெண்டாவது: காது, கண்ணு, வலிப்பு, தூக்கம்

இது சீக்கிரம் முடியற விஷயம் ஆனா விட்டுட்டா மத்ததெல்லாம் வீண். பேசாத பிள்ளைக்கு "பேரா"ன்னு ஒரு காது டெஸ்ட் எடுத்து காது கேக்குதான்னு பாத்துருங்க, கூப்புட்டா திரும்புதேன்னு விடாதீங்க. டவுன் சிண்ட்ரோம்ல காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டு கேக்கறது கூடி குறையும், அதனால ஒரு தடவ பாத்தது போதாது. கண்ணாடி தேவைன்னா கண்ணாடி. வலிப்பு இருக்குன்னா மருந்த ஒரு வேளை கூட விடாதீங்க. தூக்கத்தையும் பாருங்க, ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருந்து சிரிச்சுகிட்டு இருந்த பிள்ளைய காலையில பத்து மணிக்கு தெரபில உக்கார வச்சு "ஒத்துழைக்கல"ன்னு எழுதுனா யாரு மேல தப்பு. மலச்சிக்கலும் பல்வலியும் பாருங்க. எங்க பாப்பா ஒரு மாசம் முழுக்க தலைய செவுத்துல முட்டுச்சு, நடத்தை பிரச்சனைன்னு சொன்னாங்க, கடைசில பாத்தா கடைவாய் பல்லு சொத்தை.

மூணாவது: ரெண்டு வாரம் நோட்டு போடுங்க

என்னைக் கேட்டா முக்கியமான படி இதுதான், பத்து ரூபா நோட்டு ஒண்ணு போதும். உங்க பிள்ளை இப்பவே ஏதோ ஒரு விதத்துல உங்ககிட்ட சொல்லிகிட்டுதான் இருக்கு, நமக்குத்தான் படிக்கத் தெரியல. என்ன நடந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு, நாம என்ன பண்ணதும் அடங்குச்சு, இந்த மூணையும் ஒரு வரில எழுதுங்க. எங்க நோட்டுலேந்து ரெண்டு மூணு எடுத்துப் போடுறேன்:

"காலை 7. அடுப்படி வாசல்ல வந்து நின்னு சட்டை நுனிய இழுத்துச்சு. டம்ளர்ல தண்ணி குடுத்தேன் தட்டி விட்டுச்சு. கஞ்சி ஆத்துனேன், கைய விட்டுச்சு."

"மதியம். அப்பா செருப்ப எடுத்து மடியில வச்சுகிட்டு உக்காந்திருக்கு. கடைக்கு போகணுமாம்."

"சாயங்காலம் அப்பாயி வந்து தூக்குனதும் ஒடம்ப விரைச்சுச்சு. இறக்கி விட்டதும் அதுவே போய் மடியில உக்காந்துச்சு. தூக்கறது புடிக்கல, அப்பாயிய புடிக்கும்."

இந்த மூணாவது வரி எழுதுன அன்னைக்கு என் வீட்டுக்காரம்மா அழுதுட்டாங்க, அப்பாயியும் (பாப்பாவோட அப்பா வழி பாட்டி) கொஞ்சம் அழுதாங்க, ஏன்னா ரெண்டு வருஷமா "எம்புள்ளைக்கு என்னைய புடிக்கல"ன்னு அவங்க சொல்லிகிட்டு இருந்தாங்க.

தெரபிஸ்ட்டுங்க இத படிப்படியா பிரிச்சு பாப்பாங்க. கம்யூனிகேஷன் மேட்ரிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல 7 நிலை. அடில உள்ளது பசிச்சா அழறது மாதிரி தானா வர்றது, அப்பறம் வேணும்னே செய்யறது, அப்பறம் இழுக்கறது தள்ளுறது, அதுக்கு மேல கை நீட்டி காட்டுறது தலையாட்டுறது, அதுக்கும் மேல படம் சைகை, கடைசில வார்த்தைகள கோத்து பேசறது. உங்க நோட்ட காட்டுனீங்கன்னா பிள்ளை எந்தப் படில நிக்குதுன்னு நல்ல தெரபிஸ்ட் ஒருத்தர் அரைமணி நேரத்துல சொல்லிருவாங்க. இழுக்கற படில இருக்க பிள்ளைகிட்ட போய் "ஆப்பிள் சொல்லு"ன்னா அதுக்கு நடுவுல எத்தன படி இருக்கு பாருங்க.

நாலாவது: வாய மூடிகிட்டு பத்து எண்ணுங்க

ஒண்ணு கேட்டா மனசுக்குள்ள பத்து எண்ணி காத்திருங்க. ரெட் பிள்ளைங்களுக்கு இன்னும் கூட நேரம் வேணும், கேட்டது உள்ள போய் கண்ணு நகர்றதுக்கு அவ்ளோ நேரம் புடிக்கும். இது படிக்க லேசு, செய்யத்தான் கஷ்டம், அதுலயும் நம்ம ஊர்ல ஒரு கேள்வி கேட்டுட்டு சும்மா இருக்கறவன் எவன் இருக்கான். எங்க அப்பாயி ஒரே மூச்சுல "சாப்புட்டியா, சோறு வேணுமா, இட்லி வேணுமா, ஏன் அப்பாவ பாக்குற"ன்னு நாலு கேப்பாங்க, பாப்பா முதல் கேள்விக்கு பதில் சொல்ல கைய தூக்கும்போது அவங்க அஞ்சாவது கேள்விக்கு போயிருப்பாங்க. அவங்க கையில வெத்தல பாக்கு குடுத்து, இத மென்னு முடிக்கிற வரைக்கும் பேசக்கூடாதுன்னு பழக்குனோம். வேலை செஞ்சுது.

காத்திருக்கும்போது பிள்ளை ஏதாவது செஞ்சா, சரியோ தப்போ, அத பதிலா எடுத்துக்கங்க. டம்ளர பாத்துச்சா, "ஓ தண்ணியா"ன்னு எடுத்து குடுங்க. தப்பா எடுத்து குடுத்திருந்தா தட்டி விடும், அதுவும் ஒரு பதில்தான்.

அஞ்சாவது: பலகை செய்யறது

இனிமே என் தொழில். படப்பலகை, கம்யூனிகேஷன் போர்டு, என்ன வேணா சொல்லிக்கங்க, எங்க வீட்ல "அட்டை". கடையில விக்கற சார்ட்டு வாங்காதீங்க. அதுல ஆப்பிள் இருக்கும், பனிக்கரடி இருக்கும், எங்க பாப்பா வாழ்க்கையில பனிக்கரடி கேட்டு ஒரு நாளும் அழுததில்ல. அதுக்கு வேண்டியது கஞ்சி, பம்புசெட், அப்பாயி, கடை, ஆடு, ஊஞ்சல். இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு தண்ணின்னா உசுரு, ஏஞ்சல்மேன்ல அது நிறைய பேருக்கு உண்டு, ஜூன் 12 வாக்குல மேட்டூர் திறந்து எங்க ஊர் பக்கத்து மூணாறு தலைப்புல தண்ணி வந்துச்சுன்னா எங்க வீட்ல வேற பேச்சே கிடையாது, அதனால "ஆறு"க்கு ஒரு கட்டம்.

ஆனா பொருள் பேர் மட்டும் போட்டா அது ஓட்டல் மெனு கார்டு மாதிரி ஆயிரும். நாம நாள் பூரா பேசறதுல எந்த வார்த்தை திரும்ப திரும்ப வருதோ அதெல்லாம் இருக்கணும்: வேணும், வேணாம், இன்னும், போதும், போலாம், நிறுத்து, உதவி, புடிக்கல, வலிக்குது, என்ன அது. இதுல "வேணாம்" ரொம்ப முக்கியம். நிறைய பேரு வேணும்ங்கிறத மட்டும் சொல்லிக் குடுப்பாங்க, பிள்ளை வேணாம்னு சொல்ல வழியில்லாம கடிக்கும், தட்ட தூக்கி எறியும். முதல் வாரம் எங்க பாப்பா வேணாம் கட்டத்த மட்டும் முப்பது தடவ தட்டுச்சு, சோத்துக்கு வேணாம், மருந்துக்கு வேணாம், அப்பாவுக்கு வேணாம். மருந்துக்கு மட்டும் "வேணாம்னு சொல்ற, தெரியுது, ஆனா இது குடிக்கணும்"னு சொல்லி குடுத்தோம், மத்ததுல எல்லாம் அது சொன்னத கேட்டோம். கேக்கலன்னா அட்டை எதுக்கு.

செய்யறது எப்படின்னா, உங்க போன்ல பொருள வெள்ளை வேட்டி மேல வச்சு போட்டோ எடுங்க, பின்னாடி சாமான் எதுவும் தெரியக்கூடாது. போட்டோ எடுக்க முடியாத "போதும்" "உதவி" மாதிரி வார்த்தைக்கு கோட்டுப்படம், கீழ தமிழ்ல பெருசா வார்த்தை. ஆரம்பத்துல ஒரு ஏ4 தாள்ல 6 கட்டமோ 9 கட்டமோ போதும், கை நடுங்கற பிள்ளைக்கு கட்டம் பெருசா, நடுவுல இடைவெளி விட்டு. ஒரு தடவ ஒரு படத்த எந்த இடத்துல வச்சீங்களோ அத மாத்தாதீங்க, புதுசு சேக்கறதா இருந்தா காலி கட்டத்துல சேருங்க. பிள்ளைக்கு இடம் கையில பதியும், நாம கண்ண மூடிகிட்டு சுவிட்ச் போடுற மாதிரி. லேமினேஷன் பண்ணும்போது பளபளன்னு இருக்க ஷீட்ட விட மங்கலா இருக்க மேட் ஷீட் கேளுங்க, டியூப்லைட் வெளிச்சம் அடிச்சா பளபள ஷீட்ல படமே தெரியாது. மூலைய வட்டமா வெட்டுங்க, கூரா இருந்தா கண்ணுல குத்தும்.

ரெட் பிள்ளைக்கு கையால தொட முடியாதுன்னா ரெண்டு படத்த உங்க மூஞ்சிக்கு ரெண்டு பக்கமும் தூக்கிப் புடிங்க, நடுவுல உங்க மூக்கு இருக்கணும், எந்தப் பக்கம் கண்ணு போய் நிக்குதோ அது பதில். நல்லா பழகுனதுக்கு அப்பறம் ஓஹெச்பி ஷீட் மாதிரி கண்ணாடித் தாள்ல நாலு மூலையிலயும் படத்த ஒட்டி நடுவுல ஓட்டை போட்டு அது வழியா பாத்து பேசலாம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்கு அட்டையோட கூடவே சைகை: சாப்பாட்டுக்கு வாய்கிட்ட கை, போதும்னா ரெண்டு கையையும் விரிச்சு, வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி செய்யணும், பேசிகிட்டே செய்யணும்.

ஆறாவது: அட்டைய நீங்கதான் முதல்ல பேசணும்

அட்டை செஞ்சு பிள்ளை முன்னாடி வச்சுட்டு "காட்டு, காட்டு"ன்னு உக்காந்திருந்தா ஒண்ணும் நடக்காது. பொறந்த பிள்ளைகிட்ட ஒரு வருஷம் நாம பேசறோம், அது கேட்டுகிட்டே இருந்துட்டுத்தான் வாய தொறக்குது. அட்டைக்கும் அதே கணக்கு. நீங்க பேசும்போது நீங்களே தொட்டு தொட்டு பேசுங்க. "கஞ்சி இன்னும் வேணுமா"ன்னா "இன்னும்" தொடுங்க. "வா போலாம்"னா "போலாம்" தொடுங்க. பிள்ளை பாக்குதா இல்லையான்னு கவலைப்படாதீங்க, பிள்ளை கைய புடிச்சு தொட வைக்காதீங்க, பரீட்சை வைக்காதீங்க. இப்படி மாசக்கணக்குல போகும். எங்களுக்கு 5 மாசம் ஆச்சு. அந்த 5 மாசத்துல மூணு தடவ அட்டைய பரண்ல தூக்கி போட்டேன், என் வீட்டுக்காரம்மா மூணு தடவ எடுத்தாங்க.

பாப்பா முதல்ல அட்டைல பேசுனது நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல. தெரியும்ல, கேட்டு போட்டாங்கன்னா இஞ்சின் மாத்தி ரயில் போய் முடியறதுக்குள்ள பஸ்ஸுல உள்ளவன் இறங்கி டீ குடிச்சுட்டு வந்து ஏறுவான். சித்திரை வெயில், பஸ்ஸு நின்னுருச்சு, காத்து இல்ல, பாப்பா முன்சீட்டு கம்பிய புடிச்சுகிட்டு ஆட ஆரம்பிச்சுச்சு, இன்னும் ஒரு நிமிஷத்துல கத்தும்னு எங்களுக்கு தெரியும். என் வீட்டுக்காரம்மா அட்டைய மடில விரிச்சாங்க. பாப்பா கைய உயர்த்தி, அது கை நேரா போகாது, ரெண்டு தடவ தப்பி, மூணாவது தடவ "போலாம்" மேல வந்து விழுந்துச்சு. அப்பறம் மறுபடி "போலாம்". நான் "ஆமாம்மா போலாம், கேட்டு தொறக்கல"ன்னு சொன்னேன், அது என்ன பாத்துச்சு, "ஆறு"ல கை வச்சுச்சு. பஸ்ஸுல அந்த நேரத்துல அதுவரைக்கும் யாரும் சொல்லாத நியாயமான ஐடியா. கேட்டு தொறக்க இன்னும் இருவது நிமிஷம் ஆச்சு, ஆனா அன்னைக்கு கத்தல.

ஏழாவது: டேப்லெட்டு ஆப்பு

அட்டை பழகுனதுக்கு அப்பறம் யோசிங்க. சென்னையில உருவாக்குன அவாஸ் ஆப்புல தமிழ் குரல் இருக்கு, தொட்டா பேசும். குரல் வர்றதுல ஒரு பெரிய லாபம் என்னன்னா பிள்ளை முதுகுக்கு பின்னாடி இருக்கவங்களையும் கூப்பிடலாம். ரெண்டே ரெண்டு எச்சரிக்கை. பேசற டேப்லெட்டுல யூட்யூப் போடாதீங்க, அப்பறம் அது பேச்சுக்கருவி இல்ல, டிவி. அடம் புடிச்சா தண்டனையா அத புடுங்கி வைக்காதீங்க, உங்க கூட சண்டை போட்டா உங்க நாக்க யாராவது புடுங்கி வைப்பாங்களா. கரண்டு போனா, தண்ணில விழுந்தா, அட்டைதான் துணை, அதனால ரெண்டும் வச்சுக்கங்க.

"அட்டை குடுத்தா சோம்பேறியாகி வாய்ப்பேச்சு வராம போயிரும்"னு சொல்லுவாங்க, படிச்சவங்களே சொல்லுவாங்க. தப்பு. படம் சைகை கருவி இதெல்லாம் வாய்ப்பேச்ச குறைக்கறதில்ல, சில பிள்ளைங்களுக்கு கொஞ்சம் கூடத்தான் செய்யுதுன்னு ஆராய்ச்சிங்கள சேத்து வச்சு பாத்தவங்க சொல்லிட்டாங்க. வாயால பேச முடியற பிள்ளை எப்பவும் வாயத்தான் எடுக்கும், அதுதான் வேகம்.

எட்டாவது: யாருகிட்ட போறது, யாருகிட்ட போகக்கூடாது

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயும் மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியிலயும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம்னு ஒண்ணு இருக்கும், டெய்க்னு சொல்லுவாங்க, 2013-ல ஆரம்பிச்ச தேசிய சிறார் நலத் திட்டத்துல வந்தது, 18 வயசு வரைக்கும் இலவசம். ஸ்பீச் தெரபிஸ்ட் எந்தெந்த கிழமை இருப்பாங்கன்னு கேட்டுட்டு போங்க, பஸ் கூட்டத்துக்கு நடுவுல மாட்டி போய் சேந்தா "இன்னைக்கு இல்ல"ம்பாங்க. பள்ளிக்கூட வயசுன்னா வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியர், பிசியோ இருப்பாங்க, பள்ளிக்கூடம் வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வர்ற ஏற்பாடும் உண்டு, எழுதிக் குடுத்து கேக்கணும். ஒரு தடவயாவது பெரிய இடத்துல முழுசா பாத்துக்கணும்னா சென்னை முட்டுக்காட்டுல ஈசிஆர் ரோட்டு மேல மத்திய அரசோட பன்முக ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கு, நிப்மெட்னு சொல்லுவாங்க, அங்க எல்லா ஆளும் ஒரே இடத்துல.

தனியார்ல போறீங்கன்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில் ரெஜிஸ்டர் நம்பர் கேளுங்க, செவுத்துல மாட்டிருக்கணும். அப்பறம் "பேசாத பிள்ளைக்கு படம், அட்டை இதெல்லாம் பழக்குவீங்களா"ன்னு கேளுங்க. "முதல்ல உக்காரட்டும், கண்ண பாக்கட்டும், அப்பறம் பாக்கலாம்"னு சொன்னா வேற இடம் பாருங்க, இதுக்கு முன்தகுதி எதுவும் கிடையாது. நாங்க ஆரம்பத்துல போன ஒரு இடத்துல பிஸ்கட்ட தூக்கி காட்டி "பி சொன்னாத்தான்"னு நாப்பது நிமிஷம் வச்சிருந்தாங்க, பாப்பா "பி"யும் சொல்லல பிஸ்கட்டும் திங்கல, வெளிய வந்து பில்லு கட்டிட்டு கடையில நானே ஒரு பாக்கெட் வாங்கி குடுத்தேன். சாப்பாட்ட பணயம் வைக்கிறவங்ககிட்ட பிள்ளைய விடாதீங்க.

கவனமா இருக்க வேண்டியது இன்னும் சிலது. பிள்ளை கைய இன்னொருத்தர் புடிச்சு எழுத்து மேல நகத்தி "பாருங்க கவிதை எழுதுது"ன்னு காட்டுற முறை ஒண்ணு இருக்கு, சோதிச்சு பாத்ததுல வந்ததெல்லாம் கைய புடிச்சவரோட வார்த்தைதான்னு தெரிஞ்சுது. ஸ்டெம் செல் ஊசின்னு லட்சக்கணக்குல கேப்பாங்க, ஆட்டிசத்துக்கே அத சிகிச்சையா குடுக்க பரிந்துரைக்க முடியாதுன்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல சொல்லிருச்சு. நாக்குக்கு அடில அறுத்தா பேச்சு வரும்பாங்க, நாக்கு ஒட்டிருக்கறது ஒரு சில எழுத்துக்கு இடைஞ்சலா இருக்கலாம், இந்த சிண்ட்ரோமுக்கெல்லாம் அது காரணம் இல்ல. வசம்பு தடவச் சொல்லுவாங்க, வலிப்பு மருந்து சாப்பிடுற பிள்ளைக்கு டாக்டர கேக்காம நாக்குல எதையும் தடவாதீங்க. கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு போங்க, நாங்களும் வருஷா வருஷம் பூந்தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கி போறோம், சரஸ்வதி முன்னாடி அட்டையையும் வச்சு கும்பிட்டுட்டு வர்றோம். குருக்கள் முதல் தடவ நோட்டு புஸ்தகம்னு நினைச்சு வாங்கி வச்சுட்டாரு, பாப்பா "வேணும்" காட்ட முடியாம, காட்ட வேண்டிய அட்டையே அவர் கையில இருக்கே, அப்படி ஒரு கத்து கத்துச்சு.

ஒன்பதாவது: பேப்பர் வேலை

யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிங்களுக்கான அடையாள கார்டு முதல்ல, ஆன்லைன்ல போட்டுட்டு ஆஸ்பத்திரி கேம்புக்கு போகணும், குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் பல உதவி. பேச்சு வராததால பேச்சுக் குறைபாட்டுல போடச் சொல்லாதீங்க, நம்ம பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் அறிவுசார் குறைபாடு இல்லன்னா பன்முகக் குறைபாடுதான் பொருந்தும், அதுலதான் நிராமயா இன்சூரன்ஸும் வரும். நிராமயா தேசிய அறக்கட்டளையோடது, வருஷத்துக்கு 1 லட்சம் ரூபா வரைக்கும், தெரபி செலவுக்கும் ஒரு பங்கு உண்டு, ஏற்கனவே நோய் இருக்குன்னு தள்ள மாட்டாங்க. பராமரிப்பு உதவித்தொகைக்கு கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் அஞ்சு செட் எடுத்துக்கங்க, கடைக்காரனா சொல்லல, அனுபவத்துல சொல்றேன்.

பள்ளிக்கூடத்துல அட்டைய பைக்குள்ளயே வைக்கச் சொன்னா சண்டை போடாம ஒண்ணு எடுத்துச் சொல்லுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல "தகவல் தொடர்பு"ன்னா என்னன்னு விளக்கம் குடுக்கற இடத்துலயே சைகை மொழி, பிரெயில் இதோட பேச்சுக்கு துணையா பேச்சுக்கு பதிலா வர்ற முறைகளும் இருக்கு. பள்ளிக்கூடங்கள்ல இத வளக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. அட்டைய புடுங்கி வைக்கிறது உங்க பிள்ளை வாய அடைக்கிற மாதிரி. ஆனா சட்டத்த காட்டுறதுக்கு முன்னாடி டீச்சருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க: எனக்கு பேரு இது, நான் சட்டைய இழுத்தா பசி, கைய தட்டுனா சந்தோஷம், கைய கடிச்சா சத்தம் தாங்கல, கேட்டுட்டு பத்து எண்ணுங்க. எங்க பள்ளிக்கூடத்துல சட்டத்துக்கு வேலை வரல, இந்த ஒரு பக்கமே போதுமா இருந்துச்சு, கூட படிக்கிற பசங்கதான் டீச்சருக்கு முன்னாடி கத்துகிட்டாங்க.

கடைசியா அட்டைய பத்தி. ஒண்ணு செஞ்சா பத்தாது, வீட்டுக்கு ஒண்ணு, பள்ளிக்கூடப் பைக்கு ஒண்ணு, அப்பாயி வீட்டுக்கு ஒண்ணு, எப்பவும் ஒரே மாதிரி. ஃபைல போன்லயும் பென்டிரைவ்லயும் வச்சுக்கங்க, கிழிஞ்சா பத்து நிமிஷத்துல மறுபடி அடிக்கலாம். வெட்டும்போது தாளோட ஓரத்துக்கு ஒட்டி வெட்டாம சுத்தி அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டுங்க, இல்லன்னா ஐப்பசி மழையில ஓரம் வழியா தண்ணி ஏறி முதல்ல "போதும்" அழியும், எங்க அட்டையில அதுதான் மூலைல இருந்துச்சு.